தங்க வினையூக்கியும் தாங்குபொருளும்: மலைக்கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டோ முனைவர் பட்ட ஆய்வோ தொடங்கியிருக்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடை கார்பன் டைஆக்சைடாக மாற்றும் தங்க வினையூக்கியில் தாங்குபொருளின் (தங்கத் துகள்கள் உட்கார்ந்திருக்கும் ஆக்சைடுத் தூளின்) பங்கு என்ன என்பது தலைப்பு. இந்தக் கட்டுரை உங்களுக்காக.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே செய்முறையை எல்லாத் தாங்குபொருளுக்கும் போட்டுவிட்டு, எது வேகம் என்று பார்ப்பதுதான் இந்தத் தலைப்பில் அதிகம் நடக்கும் தவறு. தங்கம் 2 முதல் 5 நானோமீட்டர் அளவில் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஒரே செய்முறை டைட்டானியாவில் 3 நானோமீட்டர் துகளைத் தரும், சிலிக்காவில் 20 நானோமீட்டர் கட்டியைத் தரும். அப்போது நீங்கள் அளப்பது துகளின் பருமன் வித்தியாசத்தைத்தான். தாங்குபொருளின் குணம் அதில் தெரியவே தெரியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் குழியில் விழாமல் இருப்பதற்காகத்தான்.

1. நான்கு தாங்குபொருள் போதும்

டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு), சீரியா (சீரியம் ஆக்சைடு), காமா அலுமினா (அலுமினியம் ஆக்சைடின் ஒரு வடிவம்), சிலிக்கா (சிலிக்கன் டைஆக்சைடு). முதல் இரண்டும் ஆக்சிஜனை விட்டுக்கொடுத்துத் திரும்ப வாங்கக்கூடியவை. பின் இரண்டும் அப்படிச் செய்யாதவை. இந்த இரண்டுக்கு இரண்டு என்ற பிரிவே ஆய்வுக் கேள்வியைத் தாங்கிவிடும்.

டைட்டானியாவுக்கு பி25 என்ற வகையை வாங்குங்கள். ஏறத்தாழ 80 சதவீதம் அனடேஸ், 20 சதவீதம் ரூட்டைல் என்ற படிக வடிவங்கள், கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு. உலகம் முழுக்க இதையே பயன்படுத்துவதால் உங்கள் எண்ணை மற்றவர்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். மெக்னீசியாவை முதல் ஆண்டில் தொடாதீர்கள். தண்ணீரில் போட்டதும் அது ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கிவிடும். நீங்கள் வாங்கிய பொருளின் மேல்தான் தங்கம் உட்கார்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

2. வாங்கும் பட்டியல், காகிதங்கள், செலவு

தங்கம் குளோரோஆரிக் அமிலம் ட்ரைஹைட்ரேட்டாக வரும். அதன் எடையில் சரிபாதி தங்கம். ஒரு கிராம் பாட்டிலில் அரை கிராம் தங்கம், அதாவது சவரனில் பதினாறில் ஒரு பங்கு. விலை அன்றைய தங்க விலையோடு ஏறி இறங்கும் என்பதால் கொட்டேஷன் வாங்கியவுடன் ஆர்டர் போட்டுவிடுங்கள். ஒரு சதவீதத் தங்கம் ஏற்றிய வினையூக்கி ஒரு கிராம் செய்ய 20 மில்லிகிராம் போதும். ஒரு பாட்டில் ஐம்பது தடவைக்கு வரும். ஆகவே தங்கத்துக்குப் பயந்து அளவைக் குறைக்க வேண்டாம். கை கடிக்கும் செலவு வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கட்டணம் ஆகிய மூன்றும்தான்.

சிலிண்டரில் ஒரு சதவீத கார்பன் மோனாக்சைடு, மீதி காற்று என்ற கலவையைக் கேளுங்கள். 10 லிட்டர் கொள்ளளவில் 120 பார் அழுத்தம் என்றால் சுமார் 1200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் ஓட்டினால் 400 மணி நேரம் வரும். பெரிய சிலிண்டர் தேவையில்லை. உடல் அலுமினியமாக இருக்கட்டும். இரும்புச் சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு இரும்பைக் கரைத்து அயர்ன் கார்பனைல் ஆகும். அது வினையூக்கியின் மேல் இரும்பைப் படியவிட்டு உங்கள் எண்ணைக் கெடுக்கும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: குளோரோஆரிக் அமிலத்தின் பேட்ச் சான்றிதழ் (தங்கச் சதவீதம் அதில்தான் இருக்கும்), வாயுக் கலவையின் பகுப்பாய்வுச் சான்றிதழ், எல்லா வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தாள், துறைத்தலைவர் கையெழுத்திட்ட நச்சுவாயு அனுமதி. கடைசிக் காகிதம் இல்லாமல் சிலிண்டரை மாடிக்கு ஏற்றாதீர்கள்.

சிலிண்டர் சமவெளியிலிருந்து மலைப்பாதை ஏறித்தான் வர வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மாறி மாறிப் பெய்யும்போது மண் சரிந்து பாதை அடைபடும். ஜனவரியில் சோதனை தொடங்க நினைத்தால் ஆகஸ்டிலேயே ஆர்டர் கொடுங்கள்.

3. மூடிய ஜன்னல்

சிலிண்டரில் உள்ள ஒரு சதவீத கார்பன் மோனாக்சைடு என்றால் 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு). உடனடி உயிராபத்து என்று வகுத்திருக்கும் அளவு 1,200 பிபிஎம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தி மலைவாசிகளுக்குப் புதிதல்ல. அதே வாயுதான் இது. சமவெளி ஆய்வகத்தில் ஜன்னல் தானாகவே திறந்திருக்கும். இங்கே டிசம்பர் காலையில் யாராவது போய்ச் சாத்திவிடுவார்கள். சிலிண்டர், ரியாக்டர், வெளியேற்றக் குழாய் மூன்றும் ஃப்யூம் ஹூட்டுக்குள் (புகையை வெளியே இழுக்கும் பெட்டிக்குள்) அல்லது அதன் வாயில் இருக்க வேண்டும். மூக்கு உயரத்தில் அலாரம் ஒன்று மாட்டுங்கள். இந்த வாயு காற்றின் எடையே உள்ளது என்பதால் கூரையிலோ தரையிலோ மாட்டுவதில் பயனில்லை. அலாரம் இல்லாமல் வால்வைத் திறக்காதீர்கள்.

4. மலையின் காற்றழுத்தம்

சமவெளியில் எழுதிய செய்முறைகளில் இந்தப் பகுதி இருக்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 77 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் 101. இதனால் மூன்று இடத்தில் அடி விழும்.

முதலாவது, சோப்புக்குமிழி அளவி. ஓட்டத்தை இதில் அளந்து 50 மில்லிலிட்டர் என்று எழுதினால், 15 டிகிரி அறையில், நியம நிலைக்கு (0 டிகிரி, 101 கிலோபாஸ்கல்) மாற்றும்போது அது சுமார் 36 மில்லிலிட்டர்தான். வேகக் கணக்கில் கால் பங்குக்கும் மேல் பிழை. மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் (வாயு ஓட்டத்தை நிறையால் கட்டுப்படுத்தும் கருவி) நியம அளவையே காட்டும், அதற்குத் திருத்தம் வேண்டாம். இரண்டையும் கலந்து பயன்படுத்தும்போதுதான் குழப்பம் வரும்.

இரண்டாவது, வாயு குரோமட்டோகிராஃபின் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவியின்) சாம்பிள் லூப், அதாவது மாதிரி வாயுவைப் பிடிக்கும் சிறு குழாய். ஒரு மில்லிலிட்டர் லூப்பில் சமவெளியில் அடைபடும் மூலக்கூறுகளைவிட இங்கே கால் பங்கு குறைவு. அளவுத்திருத்தத்தை உங்கள் அறையிலேயே, சோதனை நாளிலேயே செய்யுங்கள். வேறு ஊரில் எடுத்த அளவுத்திருத்த வரைபடம் இங்கே செல்லாது.

மூன்றாவது, பகுதி அழுத்தம். ஒரு சதவீத கார்பன் மோனாக்சைடு கடல் மட்டத்தில் 1.01 கிலோபாஸ்கல், ஊட்டியில் சுமார் 0.77. ஆய்வேட்டில் சதவீதத்தை மட்டும் எழுதாமல் கிலோபாஸ்கலையும் எழுதுங்கள்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. தண்ணீர் இங்கே 93 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்தாலும், அடுத்த படிக்கு வேண்டிய 80 டிகிரிக்கு அதனால் கெடுதல் இல்லை. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

5. டைட்டானியா, சீரியா, அலுமினா: யூரியா முறை

ஏன் யூரியா என்றால், அது சூட்டில் மெதுவாகச் சிதைந்து கரைசல் முழுவதும் ஒரே சீராக பி.எச்.-ஐ ஏற்றும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டு சொட்டாக விட்டால் சொட்டு விழுந்த இடத்தில் பி.எச். எகிறும், போட்ட தங்கத்தில் ஒரு பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். யூரியாவில் தங்கம் முழுவதும் தாங்குபொருளில் ஏறிவிடும். ஒரு சதவீதம் போட்டால் ஏறத்தாழ ஒரு சதவீதம் கிடைக்கும். நான்கு பொருளை ஒப்பிடுகிறவருக்கு இது பெரிய வசதி.

அளவு இதுதான். 100 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீர், 20 மில்லிகிராம் குளோரோஆரிக் அமிலம், 2.5 கிராம் யூரியா, ஒரு கிராம் தாங்குபொருள். அமிலத்தை எடுக்க எஃகுக் கரண்டி கூடாது. உலோகத்தைத் தொட்டவுடன் தங்கம் அதன் மேலேயே படியும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கரண்டி எடுங்கள். இந்த உப்பு ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும், மூடுபனி நாளில் தராசுத் தட்டிலேயே எடை ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் நிறுப்பதை விட்டுவிட்டு, ஒரு கிராம் பாட்டிலை முழுவதுமாக 250 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். 5 மில்லிலிட்டர் எடுத்தால் 20 மில்லிகிராம்.

பீக்கரைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி, எண்ணெய்த் தொட்டியில் 80 டிகிரியில் காந்தக் கலக்கியோடு வையுங்கள். 16 மணி நேரம். மாலை 4 மணிக்கு வைத்தால் காலை 8 மணிக்கு எடுக்கலாம்.

இந்த 16 மணி நேரத்தைக் குறைக்க ஆசை வரும். முதல் ஒரு மணி நேரத்திலேயே தங்கம் முழுவதும் டைட்டானியாவின் மேல் ஏறிவிடும், மேலே நிற்கும் நீர் தெளிந்துவிடும், வேலை முடிந்தது போலத் தெரியும். அப்போது நிறுத்திச் சுட்டால் துகள் 5 நானோமீட்டருக்கு மேல் இருக்கும். நான்கு மணி நேரம் கடந்தால்தான் 3 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும். பி.எச். ஏற ஏற, ஏறிய தங்கம் மறுபடி பரவி உட்காருகிறது. நீர் தெளிந்ததை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முடிவில் பி.எச். 7-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5-இல் நின்றிருந்தால் இரவில் மின்சாரம் போய்ச் சூடு இறங்கியிருக்கிறது என்று பொருள். ஹாட் பிளேட்டை யூ.பி.எஸ். இணைப்பில் போட முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். பி.எச். மீட்டரைத் திருத்தும்போது பஃபர் கரைசலின் வெப்பநிலையையும் உள்ளிடுங்கள். ஜனவரிக் காலையில் பஃபர் 10 டிகிரியில்தான் இருக்கும்.

6. சிலிக்காவுக்கு வேறு வழி

சிலிக்காவின் மேற்பரப்பு பி.எச். 2-ஐத் தாண்டியதும் எதிர்மின்சுமை ஏறும். யூரியாக் கரைசலில் இருக்கும் தங்கமும் எதிர் அயனி. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். டைட்டானியாவுக்கும் சீரியாவுக்கும் மின்சுமை மாறும் பி.எச். 6-ஐ ஒட்டியும், அலுமினாவுக்கு 8-ஐ ஒட்டியும் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. சிலிக்காவில் அதே செய்முறையைப் போட்டால் தங்கம் ஏறாது, ஏறினாலும் கட்டிகட்டியாக நிற்கும். பிறகு "சிலிக்கா மோசமான தாங்குபொருள்" என்று எழுதுவீர்கள். அது பாதி உண்மை, ஆனால் உங்கள் சோதனை அதை நிரூபிக்கவில்லை.

தங்கத்தை நேர் அயனியாக மாற்றுங்கள். ஒரு கிராம் குளோரோஆரிக் அமிலத்தை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 0.45 மில்லிலிட்டர் எத்திலீன்டைஅமீனை மெல்ல விடுங்கள். அரை மணி நேரம் கலக்கி, 70 மில்லிலிட்டர் எத்தனால் ஊற்றினால் வீழ்படிவு இறங்கும். வடிகட்டி, எத்தனாலில் கழுவி, 40 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். இதில் தங்கம் சுமார் 46.5 சதவீதம். ஆகவே ஒரு கிராம் சிலிக்காவுக்கு 21.5 மில்லிகிராம். நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச்.-ஐ 10-க்குச் சற்றுக் கீழே நிறுத்தி, சிலிக்காவைப் போட்டு 65 டிகிரியில் இரண்டு மணி நேரம். பி.எச். 10-ஐத் தாண்டவிட்டால் சிலிக்காவே கரையத் தொடங்கும்.

7. குளோரைடைக் கழுவுதல்

அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது. மிச்சமிருக்கும் குளோரைடு சுடும்போது தங்கத் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெருக்கவைக்கும், வினை நடக்கும் இடங்களான செயல்மையங்களையும் அடைக்கும்.

சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, மேல்நீரைக் கொட்டி, 50 டிகிரி வெந்நீர் 100 மில்லிலிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் கலக்கி, மறுபடி இறக்குங்கள். இப்படி நான்கு முறையாவது. ஒவ்வொரு முறையும் மேல்நீரில் 2 மில்லிலிட்டரைச் சோதனைக்குழாயில் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். முதல் கழுவலில் தயிர்போலத் திரியும். இரண்டாவதில் அரிசி கழுவிய நீர்போல மங்கும். நான்காவதில் கறுப்புத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் ஐந்தாவது முறை. குழாய்த் தண்ணீரில் குளோரைடு உண்டு, குழாய்த் தண்ணீரில் கழுவிய சோதனைக்குழாயே மங்கலைக் காட்டி ஏமாற்றும்.

அம்மோனியாவால் கழுவினால் குளோரைடு சீக்கிரம் போகும் என்று எங்காவது படித்தால் அதைச் செய்யாதீர்கள். தங்க உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் வெடிதங்கம் உருவாகும். காய்ந்தபின் லேசான உரசலுக்கே வெடிக்கும். யூரியா சிதையும்போதும் அம்மோனியா வருகிறது என்பதால், சுடுவதற்கு முன் தூளைக் கலுவத்தில் போட்டு அரைக்கவோ உலோகக் கரண்டியால் சுரண்டவோ வேண்டாம்.

முதல் மேல்நீரில் தங்கம் மிச்சமா என்று பார்க்க, ஸ்டேனஸ் குளோரைடு சில சொட்டு விடுங்கள். ஊதா வந்தால் தங்கம் தங்கியிருக்கிறது. அந்த நீரைத் தனிப் பாட்டிலில் சேருங்கள். சிங்க்கில் ஊற்றினால் அது கீழே ஓடைக்குத்தான் போய்ச் சேரும்.

8. உலர்த்துவது, சுடுவது

இருட்டில் 80 டிகிரியில் ஓர் இரவு. சுடுவதற்கு முன்பே தூள் ஊதாவாகிவிட்டதென்றால் வெளிச்சம் பட்டுத் தங்கம் உலோகமாக ஒடுங்கிவிட்டது. அந்தத் தூளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

நான்கையும் ஒரே வெப்பநிலையில் சுடுங்கள். டைட்டானியாவுக்கு 300 டிகிரி போதும். ஆனால் சிலிக்காவில் ஒட்டியிருக்கும் அமீன் 300-இல் முழுதாக எரியாது. ஆகவே நான்குக்கும் 400 டிகிரி, நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றம், நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. டைட்டானியாவில் துகள் கொஞ்சம் வளரும், அதை நுண்ணோக்கியில் அளந்து எழுதிவிடலாம். காற்று ஓடும் குழாய் ஃபர்னஸ் நல்லது. மஃபிள் ஃபர்னஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால், முந்தைய வாரம் அதில் யாராவது குளோரைடு உப்பு சுட்டார்களா என்று பதிவேட்டைப் பாருங்கள். சுட்டிருந்தால் 600 டிகிரியில் காலியாக ஒருமுறை ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெளியே வரும் டைட்டானியா கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். தூளின் நடுவிலும் ஓரத்திலும் நிறம் வேறுபட்டால் தட்டில் அடுக்கு தடித்துவிட்டது. மெல்லப் பரப்பிச் சுடுங்கள்.

9. ரியாக்டர் ஓட்டம்

50 மில்லிகிராம் வினையூக்கியை 180 முதல் 250 மைக்ரோமீட்டர் சல்லடைக்குள் எடுத்து, அதே அளவு பருமனுள்ள குவார்ட்ஸ் மணல் 450 மில்லிகிராமோடு கலந்து, குவார்ட்ஸ் யூ-குழாயில் இரண்டு பக்கமும் குவார்ட்ஸ் பஞ்சு வைத்து நிரப்புங்கள். மணல் கட்டாயம். இந்த வினை மோலுக்கு 283 கிலோஜூல் வெப்பம் விடும். ஒரு சதவீதக் கலவை முழுவதும் எரிந்து, வெப்பம் வெளியே போகாமல் இருந்தால் வாயு 95 டிகிரிக்கு மேல் சூடேறும். மணல் இல்லாத படுகையில் வெளியே 25 டிகிரி காட்டும்போது உள்ளே அதைவிடப் பலமடங்கு இருக்கலாம். தெர்மோகப்பிள் நுனி படுகைக்குள்ளேயே இருக்கட்டும்.

வினைக்கு முன் 200 டிகிரியில் உலர்ந்த காற்றில் அரை மணி நேரம். பிறகு குளிரவிட்டுத் தொடங்குங்கள்.

வெற்று ஓட்டங்கள் இரண்டு வேண்டும்: மணல் மட்டும், தங்கம் இல்லாத தாங்குபொருள் மட்டும். பிந்தையதை நான்குக்கும் எடுங்கள்.

குரோமட்டோகிராஃபில் மாலிகுலர் சீவ் (நுண்துளைத் தாது) நிரப்பிய நிரல் மட்டும் இருந்தால் அது கார்பன் டைஆக்சைடை விழுங்கிவிடும். உச்சி வராது, நிரலும் நாளடைவில் கெடும். கார்பன் டைஆக்சைடுக்குப் போராபேக் நிரலைத் தனியாக வையுங்கள். உள்ளே போன கார்பனும் வெளியே வந்ததும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ கசிவு, அல்லது தாங்குபொருள் கார்பனேட்டாகப் பிடித்துவைக்கிறது.

வேகக் கணக்குக்கு மாற்றம் (உள்ளே போன கார்பன் மோனாக்சைடில் எரிந்த பங்கு) 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டைட்டானியா 25 டிகிரியில் நூறு சதவீதம் காட்டினால் மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். நூறோடு நூறை ஒப்பிட முடியாது. 5 மில்லிகிராமாகக் குறையுங்கள், அல்லது ஐஸ் தொட்டியில் வையுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: நியம அளவில் 50 மில்லிலிட்டர், ஒரு சதவீதம், 10 சதவீத மாற்றம் என்றால் நிமிடத்துக்கு 2.23 மைக்ரோமோல் எரிகிறது. 50 மில்லிகிராம் வினையூக்கியில் தங்கம் 2.54 மைக்ரோமோல். ஒரு தங்க அணுவுக்கு விநாடிக்கு 0.0146 மூலக்கூறு. மூன்று நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அணுக்களே மேற்பரப்பில் இருக்கும், அதன்படியும் ஒரு எண் எழுதுங்கள்.

"அறை வெப்பநிலை" என்று எழுதாதீர்கள். சென்னையில் அது 30, ஊட்டியில் காலை 11 மணிக்கு 14. டிகிரியை எண்ணாக எழுதுங்கள், நீர்த்தொட்டியில் நிலைநிறுத்துங்கள்.

10. ஈரம்

உலர்ந்த வாயுவில் ஒருமுறை, ஈர வாயுவில் ஒருமுறை ஓட்டாத தாங்குபொருள் ஒப்பீடு பாதிதான். உலர வைக்க மாலிகுலர் சீவ் பொறி. ஈரத்துக்கு வாயுவை ஐஸ் தொட்டியில் உள்ள நீர்க்குமிழி பாட்டில் வழியாக விடுங்கள். ஊட்டியில் அது 0.8 சதவீத நீராவி தரும், கடல் மட்டத்தில் 0.6.

உலர்ந்த வாயுவில் டைட்டானியாவும் சீரியாவும் முன்னே நிற்கும். தங்கத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார, ஆக்சிஜன் தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் விளிம்பில் உயிர்பெறுகிறது. சீரியா தன் படிகத்தில் உள்ள ஆக்சிஜனையே கொடுத்து, காற்றிலிருந்து நிரப்பிக்கொள்ளும், அதனால் முதல் சில நிமிட எண்ணை நம்பாமல் நிலைத்த பிறகு எடுங்கள். அலுமினாவும் சிலிக்காவும் அப்படி உதவுவதில்லை. ஆனால் ஈரம் வந்ததும் அலுமினா எழுந்துகொள்ளும். மேற்பரப்பு ஹைட்ராக்சில்கள் வினையில் பங்கெடுக்கின்றன, செயல்மையத்தை அடைத்த கார்பனேட்டையும் நீர் சிதைத்து விடுவிக்கிறது. மழைக்கால நாளில் பொறி இல்லாமல் ஓட்டியவருக்கும் பனிக்காலத்தில் ஓட்டியவருக்கும் அலுமினா வேறு வேறு எண் காட்டுவது இதனால்தான்.

11. துகள் அளவும் தங்க அளவும்

நுண்ணோக்கி முன்பதிவைச் செய்முறை தொடங்கும் நாளிலேயே போடுங்கள். வரிசை வாரக்கணக்கில் நீளும். விண்ணப்பம், வழிகாட்டியின் கடிதம், அடையாள அட்டை நகல், பாதுகாப்புத் தாள், பணம் கட்டிய ரசீது ஐந்தும் சேர்ந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது 200 துகள் எண்ணுங்கள். பத்துப் படத்தில் அழகான ஒன்றை மட்டும் எடுத்து எண்ணாதீர்கள். சீரியாவில் தங்கமும் தாங்குபொருளும் நிறமாறுபாடு குறைவாகத் தெரியும், தங்கம் பளிச்சென்று தெரியும் இருள்புலப் படம் கேட்டு வாங்குங்கள். தங்கச் சதவீதத்துக்கு ஐ.சி.பி. (பிளாஸ்மாவில் தனிமங்களை அளக்கும்) பகுப்பாய்வு. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலுள்ள எஸ்.ஏ.ஐ.எஃப். (நவீன பகுப்பாய்வுக் கருவி மையம்) போன்ற மையங்களுக்கு வெளியார் மாதிரி அனுப்பலாம்.

துகள் அளவு நான்கிலும் ஒரு நானோமீட்டருக்குள் ஒத்துவந்தால் மட்டும் வேகங்களை ஒரே அட்டவணையில் வையுங்கள். சிலிக்கா தனித்து 8 காட்டினால் ஆறாவது படியைத் திரும்பச் செய்யுங்கள், அட்டவணையில் அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

12. எடுத்து வைப்பது

சுட்ட தூளைக் கண்ணாடிக் குப்பியில், அலுமினியத் தாள் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வையுங்கள். வெளிச்சமும் ஈரமும் தங்கத்தை மெல்ல வளர்க்கும். பாதியைச் சுடாமலே குளிர்பதனப் பெட்டியில் இருட்டில் வைத்து, தேவைப்படும் வாரத்தில் சுடுவது இன்னும் நல்லது. ஒரு மாதம் கழித்து அதே குப்பியிலிருந்து எடுத்து மறுபடி ஓட்டுங்கள். வேகம் குறைந்திருந்தால் 250 டிகிரியில் காற்றில் ஒரு மணி நேரம் சூடாக்கிப் பாருங்கள். பழைய எண் திரும்பினால் கார்பனேட் படிந்திருந்தது. திரும்பாவிட்டால் துகள் வளர்ந்துவிட்டது, நுண்ணோக்கிக்கு இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டும்.